இளஞ்சிவப்பு வாக்ஸ்கேப் காளானைக் காத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பும் மதிப்பும் உரிய நண்பர்களுக்கு,

வணக்கம். வேல்ஸில் உள்ள நம் பழைய தேவாலய வளாகத்துப் புல்வெளியிலும் அதை ஒட்டிய ஆட்டு மேய்ச்சல் நிலத்திலும் இந்த இலையுதிர் காலத்திலும் இளஞ்சிவப்பு வாக்ஸ்கேப் காளான் முளைத்திருக்கிறது. அதற்குக் காரணமான உங்கள் அனைவருக்கும் கணக்கெடுப்புக் குழுவின் சார்பில் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

முதல் நன்றி, மேய்ச்சல் நிலத்துக்கு உரிய குடும்பத்தாருக்கு. பல தலைமுறைகளாக அந்தச் சரிவை அவர்கள் உழவில்லை. செயற்கை உரமும் இடவில்லை. இந்தக் காளான் சத்துக் குறைந்த பழைய புல்வெளிகளில்தான் வாழ்கிறது. நைட்ரஜனும் பாஸ்பரஸும் கலந்த உரம் விழுந்தால் முரட்டுப் புற்கள் ஓங்கி வளர்ந்துவிடும். காளான் முளைத்தெழக் காரணமான, மண்ணுக்குள் இருக்கும் பூஞ்சை இழைகள் நலிந்துவிடும். அவை மீண்டு வரப் பல பத்தாண்டுகள் ஆகலாம். ஆய்வுக்கூடத்தில் வளர்த்து வேறிடத்தில் நட்டுக்கொள்ளும் வழியும் இன்று நம் கையில் இல்லை என்பதால், அது இருக்கும் மண்ணை அப்படியே விட்டுவைப்பதுதான் பாதுகாப்பு. உரமிட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய கூடுதல் விளைச்சலை அக்குடும்பத்தார் மனமுவந்து விட்டுக்கொடுத்ததை நான் மிகப் பெரிய கொடையாகவே கருதுகிறேன்.

தேவாலய வளாகத்தில் கோடை முழுவதும் புல் வெட்டியவர்களுக்கு அடுத்த நன்றி. வெட்டிய புல்லை அங்கேயே விட்டிருந்தால் அது மட்கி மண்ணுக்கு உரமாகியிருக்கும். ஒவ்வொரு முறையும் கல்லறைகளின் இடுக்குகளில் சிக்கியதைக்கூட வாரியெடுத்து வெளியேற்றியது கடினமான வேலை. காளான் முளைக்கும் பருவத்துக்கு முன்பே வெட்டுவதை நிறுத்தியும் உதவினீர்கள். இந்த இனத்தை 1838-இல் அறிவியல் உலகுக்கு முதன்முதலில் விவரித்த மைல்ஸ் ஜோசப் பெர்க்லியும் ஒரு பாதிரியார்தான் என்பதை இங்கே மகிழ்ச்சியோடு நினைத்துக்கொள்கிறேன்.

மேட்டுப் பகுதியில் மரக்கன்றுகள் நடத் திட்டமிட்டிருந்த அன்பர்கள், எங்கள் வேண்டுகோளை ஏற்று அவற்றை வேலி ஓரத்துக்கு மாற்றினார்கள். மரம் நடுவது நற்செயல் என்பதால் இந்த வேண்டுகோளை முன்வைக்கவே எங்களுக்குத் தயக்கமாக இருந்தது. ஆனால் நிழல் மூடினால் இப்புல்வெளிக் காளான்களுக்கு இடமில்லாமல் போகும் என்பதை நீங்கள் பொறுமையோடு கேட்டுப் புரிந்துகொண்டீர்கள்.

கணக்கெடுப்பில் பங்கேற்றவர்கள் ஈரப்புல்லில் மண்டியிட்டு, ஒரு காளானையும் பறிக்காமல், தொப்பியின் அடியில் சிறு கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து அங்குள்ள மெல்லிய தகடு போன்ற செவுள்களைப் படமெடுத்தார்கள். கூம்பாக எழும் அந்த இளஞ்சிவப்புத் தொப்பி முதிர முதிர விளிம்பிலிருந்து கீறிப் பிளந்து, சுழலும் நடனப் பெண்ணின் பாவாடைபோல மேல்நோக்கி விரிகிறது. தாங்கும் வெண்ணிறத் தண்டோ விரல் பட்டாலே பிளக்கும் அளவுக்கு மெல்லியது. உயிரினங்களின் அழிவு அபாயத்தை மதிப்பிடும் பன்னாட்டுச் செம்பட்டியலில் அழிவாய்ப்பு இனமாக இடம்பெற்றுள்ள ஓர் உயிரை இவ்வளவு பக்குவமாகக் கையாண்டமைக்கு என் தனிப்பட்ட நன்றி.

இறுதியாக, மழையில் நனைந்த குறிப்பேடுகளைப் படித்து, இடம், நாள், படம் ஆகியவற்றைச் சரிபார்த்து, வட்டாரப் பல்லுயிர்ப் பதிவு மையத்துக்கு அனுப்பிவைத்தவர்களுக்கு நன்றி. இனி இந்நிலத்தைப் பற்றி முடிவெடுக்க வருபவர்களின் பார்வைக்கு அந்தப் பதிவுகள் ஆதாரமாக இருக்கும்.

நன்றியுடன்,
கணக்கெடுப்புக் குழு ஒருங்கிணைப்பாளர்