அந்தமானுக்கு மூட்டை கட்டும் மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளை,

நீ அனுப்பிய பட்டியலை நேற்று ராத்திரி இரண்டு தடவை படித்தேன். நான்கு லென்ஸ், இரண்டு கேமரா, முக்காலி, டிரோன், லேப்டாப், அதற்கு மேல் ஏழு டி-ஷர்ட். "இவன் ஐந்து நாள் புகைப்படப் பட்டறைக்குப் போகிறானா, போர்ட் பிளேரில் ஸ்டுடியோ திறக்கப் போகிறானா?" என்று உன் அத்தையிடமே கேட்டுவிட்டேன். போனில் சொன்னால் பாதியை மறந்துவிடுவாய். எதை எடுப்பது, எதை விடுவது என்று வேறு சிலரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதனால் எல்லோரும் படிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் டிரோனை வீட்டிலேயே வைத்துவிடு. அங்கே அனுமதி இல்லாமல் அதைப் பறக்கவிட முடியாது. கிளம்பிய பிறகு அனுமதிக்கு அலைவது ஆகாத காரியம். லேப்டாப்பும் வேண்டாம் என்றுதான் சொல்வேன், ஆனால் பட்டறையில் படங்களைத் திரையில் போட்டுப் பேசுவார்கள் என்றாயே, சரி, எடுத்துக்கொள். 2020-இல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் போட்ட பிறகு அங்கே இணையம் எவ்வளவோ தேவலை. ஆனாலும் படங்களை உடனுக்குடன் இணையச் சேமிப்பில் ஏற்றிவிடலாம் என்று நம்பி இருக்காதே. ஒரு சின்ன ஹார்டு டிஸ்க் கொண்டு போ. தினமும் ராத்திரி இரண்டு பிரதி.

விமானத்தில் கையில் கொண்டு போகும் பைக்கு ஏழு கிலோதான் கணக்கு. கேமரா, லென்ஸ், பேட்டரி எல்லாம் அந்த ஏழு கிலோவுக்குள் அடங்க வேண்டும். உதிரி பேட்டரியையும் பவர் பேங்கையும் சரக்குப் பெட்டியில் போடவே கூடாது, லித்தியம் தீப்பிடிக்கும் என்பதால் விதியே அப்படி. பவர் பேங்க் 100 வாட்-மணிக்குள் இருக்கட்டும். 20,000 எம்ஏஎச் என்றால் சுமார் 74 வாட்-மணிதான் வரும், பயமில்லை. பேட்டரி முனைகளில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடு.

தூரத்தில் இருப்பதை எடுக்கும் லென்ஸில் 100-400 மி.மீ. போதும். அந்த 600-ஐ நண்பனிடமே திருப்பிக் கொடு. அங்கே காடு அடர்த்தி, பறவை பெரும்பாலும் பக்கத்தில்தான் இருக்கும், ஆனால் வெளிச்சம் இருக்காது. கனமான லென்ஸைத் தூக்கித் திருப்புவதற்குள் அது அடுத்த மரத்துக்குப் போயிருக்கும். சின்ன உயிர்களை நெருங்கி எடுக்கும் மேக்ரோ லென்ஸைக் கட்டாயம் எடு. பச்சைப் பசேல் என்று பகலிலேயே திரியும் அந்தமான் பல்லி ஒன்று உண்டு, உலகத்தில் வேறெங்கும் கிடையாது. வாழை மரத்திலும் விடுதிச் சுவரிலும் பார்க்கலாம். அகலக் கோணத்துக்கு கேமராவோடு வந்த உன் பழைய கிட் லென்ஸே தாராளம். அதோடு ஒரு போலரைசர் ஃபில்டர். கடலோரத்தில் தண்ணீரின் பளபளப்பைக் குறைத்து அடியில் கிடக்கும் கல்லையும் நட்சத்திர மீனையும் காட்டுவதற்கு அதைவிட்டால் வேறு வழியில்லை, கம்ப்யூட்டரில் பிறகு செய்துகொள்ள முடியாத வேலை அது.

இனி நான் பட்ட கதைக்கு வருகிறேன். கடிதம் எழுதுவதே இதற்காகத்தான்.

முதல் தடவை போனபோது, சிடியா டாப்புவில் விடியற்காலை நடை. போர்ட் பிளேரிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் போல இருக்கும். ராத்திரி முழுக்க ஏசி போட்ட அறையில் கேமராவை மேஜை மேல் வைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் ஜீப்பிலும் ஏசி. காட்டில் இறங்கிப் பத்தடி நடக்கவில்லை, அந்தமான் மரங்கொத்தி. கன்னங்கரிய உடம்பு, ரத்தச் சிவப்புக் கொண்டை, முப்பது அடி தூரத்தில் பட்டமரத்தைக் கொத்திக்கொண்டு நிற்கிறது. வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தால் பால் ஊற்றியது மாதிரி வெள்ளை. குளிர்ந்த கண்ணாடியில் அந்த ஊர்க் காற்றின் ஈரம் அப்படியே படிந்துவிட்டது. துடைக்கத் துடைக்க மறுபடி படிகிறது. பறவை பத்து நிமிடம் நின்றது. என்னிடம் அறுபது படம் இருக்கிறது, அறுபதிலும் மூடுபனிக்குள் ஒரு காக்கா.

துடைப்பது தப்பு, அது பிறகுதான் தெரிந்தது. கண்ணாடி வெளிக்காற்றின் சூட்டுக்கு வரும்வரை ஈரம் படிந்துகொண்டேதான் இருக்கும். அதனால் கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் இறுக மூடி, வெளியே கொண்டுவந்து, அரை மணி நேரம் திறக்காமல் விடு. ஈரம் பையின் மேல் படியும், உள்ளே போகாது. இன்னும் எளிது, ராத்திரி ஏசியை அணைத்துவிட்டு மின்விசிறியில் தூங்குவது. அறைத் தோழன் சம்மதித்தால்.

அப்புறம் உப்பு. அலை தெறிக்காவிட்டாலும் கடற்கரைக் காற்றே உப்பைக் கொண்டுவந்து பூசும். தினமும் அறைக்குத் திரும்பியதும் மெல்லிய பருத்தித் துணியை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கேமராவின் வெளிப்புறத்தைத் துடை, பிறகு உலர்ந்த துணி. லென்ஸ் கண்ணாடியில் மட்டும் முதலில் ஊதுகுழல், பிறகுதான் துணி, இல்லையென்றால் மணலை வைத்தே தேய்த்தவனாவாய். முக்காலியைக் கடல் தண்ணீரில் நிறுத்தினால் அன்றைக்கே அதன் கால்களை முழு நீளத்துக்கும் இழுத்து வைத்துக் குழாயில் கழுவு. நான் "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று விட்டதில் ஒரு கால் இன்றைக்கும் பாதிக்கு மேல் நீளாது. அந்தக் காலுக்கு அடியில் செங்கல் வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறேன்.

கொசுவுக்கும் மணல் ஈக்கும் களிம்பு தடவுவாய், தடவத்தான் வேண்டும். ஆனால் அதில் இருக்கும் டீட் என்ற சரக்கு பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் இளக்கும். உள்ளங்கையைக் கழுவிவிட்டு கேமராவைத் தொடு. வெயிலுக்கு முழுக்கைச் சட்டை போதும். ஏழு டி-ஷர்ட்டுக்குப் பதில் சீக்கிரம் காயும் முழுக்கைச் சட்டை மூன்று. பழைய கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடி, செத்த பவளம் பாதத்தைக் கிழிக்கும். உயிருள்ள பவளத்தின் மேல் எந்த ஷூவோடும் ஏறாதே.

கேமராவைத் தாங்க வைக்கும் பீன் பேக் வாங்கியிருக்கிறாய், நல்லது, ஆனால் காலியாகக் கொண்டு போ. போர்ட் பிளேர் கடைத்தெருவில் தமிழிலேயே கேட்டு இரண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்பிக்கொள். தரையோடு படுத்து நண்டு எடுக்க முக்காலியைவிட அதுதான் வாகு. கிளம்பும்போது அரிசியை விடுதிச் சமையல்காரரிடம் கொடுத்துவிடலாம்.

நேரக் கணக்கு ஒன்று. அந்தமான் சென்னைக்கு ரொம்பக் கிழக்கே இருந்தும் கடிகாரம் நம்முடையதுதான். நம் ஊரைவிட முக்கால் மணி நேரத்துக்கும் மேலாக முந்தியே விடிந்துவிடும், இருட்டியும் விடும். பிப்ரவரியில் ஐந்தேமுக்காலுக்குச் சூரியன் கடலுக்கு மேலே நிற்கும், மாலை ஐந்தரைக்குள் இறங்கிவிடும். நாலரைக்கே எழுந்து கிளம்ப வேண்டும், அதனால் நெற்றியில் மாட்டும் விளக்கு அவசியம். மதியம் தூங்கு, வெட்கப்படாதே. ஹேவ்லாக் தீவின் ராதாநகர் கடற்கரையில் சூரியன் மறைவதைப் பிடிக்க நாலு மணிக்கே போய் இடம் பார்த்தாக வேண்டும்.

கடல் வற்றும் நேரத்தையும் இப்போதே குறித்து வை. ஒவ்வொரு நாளும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி நன்றாக வற்றும். நீல் தீவில் கடல் குடைந்த பாறை வளைவு ஒன்று இருக்கிறது, ஊர்க்காரர்கள் ஹவுரா பாலம் என்பார்கள். வற்றிய நேரத்தில்தான் அதன் அடிக்குப் போக முடியும். அங்கே குட்டையில் தேங்கிய நீருக்குள் கிடப்பதை எடுக்கவே ஒரு முழு நாள் வேண்டும்.

டிக்கெட்டில் நீல் என்று தேடாதே, 2018-இலிருந்து அது ஷஹீத் தீவு. ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு ஆகிவிட்டது. போர்ட் பிளேரே 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. ஊர் வாயில் பழைய பெயர்தான் ஓடுகிறது, என் வாயிலும்தான். நீல் என்பது 1857 கிளர்ச்சியை அடக்குகிறேன் என்று ஆட்டம் போட்ட அதே வெள்ளைக்கார கர்னல் நீல் என்பார்கள். மவுண்ட் ரோட்டில் இருந்த அவன் சிலையை எடுக்கச் சொல்லி 1927-இல் நம் ஆட்கள் சிறைக்குப் போனார்கள், 1937-இல்தான் அது மியூசியத்துக்குப் போனது. அந்தப் பெயர் போனதில் எனக்கு வருத்தமில்லை.

எடுக்கக் கூடாத படங்களும் உண்டு. ஜாரவா பழங்குடி மக்கள் வாழும் காப்புப் பகுதி வழியாக பாரடாங்குக்கு வண்டி போகும். அங்கே கேமரா பையை விட்டு வெளியே வரக்கூடாது, செல்போனும்தான். சட்டம் 1956-இலிருந்தே அவர்களைக் காக்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும், மனிதர்களைப் பறவை பார்க்கிற மாதிரி ஜன்னல் வழியே பார்க்கிற அசிங்கத்தை நம் வீட்டுப் பிள்ளை செய்யக் கூடாது. ஆமை முட்டையிட வந்தால் ஃபிளாஷ் கூடாது. ஆந்தையை வரவழைக்க யாராவது போனில் அதன் குரலைப் போட்டால் அந்தக் கூட்டத்திலிருந்து நகர்ந்துவிடு, பட்டறை நடத்துபவரே போட்டாலும். முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் கரையில் தண்ணீர் ஓரமாகப் படுத்துப் படம் எடுக்காதே. இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எனக்கு ஒரு சோழியும் கொண்டு வராதே. நான் ஒரு தடவை மணலில் பொறுக்கிய பவளத்துண்டை விமான நிலையத்தில் பையைத் திறந்து எடுத்தார்கள், வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒரு சின்னப் பெண் என்னைத் திருடனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். செத்த பவளமானாலும் வனவிலங்குச் சட்டத்தில் குற்றம்தான்.

தீவுக்குத் தீவு போகும் கப்பலில் குமட்டும், மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி முன்னால் போடு. பெட்டியைக் கீழே சரக்கில் வாங்கிக்கொள்வார்கள், கேமராப் பை உன் மடியிலேயே இருக்கட்டும்.

அக்கா எப்படியும் முறுக்கு கட்டிக் கொடுப்பாள். வேண்டாம் என்று சொல்லாதே, மூடியில் ரப்பர் வளையம் வைத்த பெரிய டப்பாவில் போடச் சொல். இரண்டாம் நாள் முறுக்கு தீர்ந்துவிடும், டப்பாவைக் கழுவி நன்றாகக் காயவைத்து, அடியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் கால் கிலோ போட்டு ராத்திரிகளில் கேமராவை அதற்குள் வை. நான் இத்தனை வருஷமாக வைத்திருப்பதும் அக்கா கொடுத்த டப்பாதான், திறந்தால் இன்னும் ஓமம் மணக்கிறது.

பையைக் கட்டி முடித்ததும் தராசில் நிறுத்தி எனக்கு ஒரு படம் அனுப்பு.

அன்புடன்,
மாமா