வைகை அணைப் பூங்கா வாசலில் நீர்மட்டப் பலகை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அணையிலிருந்து நீர் திறக்கப்பட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேரப்பிள்ளைகளுடன் ஆண்டிபட்டி அருகேயுள்ள வைகை அணைப் பூங்காவுக்குச் சென்றிருந்தேன். வலது கரைப் பூங்காவில் புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு இடது கரைக்குப் போகலாம் என்று எழுந்தபோது, இரண்டையும் இணைக்கும் தரைப்பாலத்தின் மேல் செம்மண் நிறத்தில் தண்ணீர் புரண்டுகொண்டிருந்தது. பாதையை அடைத்து நின்ற காவலரிடம், தொலைவிலிருந்து வேன் பிடித்து வந்திருந்த ஒரு குடும்பத்தினர், கணுக்கால் அளவுதானே இருக்கிறது, ஓடிக் கடந்துவிடுகிறோம் என்று மன்றாடிக்கொண்டிருந்தனர். காவலர் மறுத்தது முற்றிலும் சரி. ஓடும் நீர் கணுக்கால் அளவே இருந்தாலும், பாசி படிந்த தளத்தில் பிள்ளைகளின் கால் நிற்காது.

"தண்ணி நிறைய வந்தா நல்லதுதானே தாத்தா, ஏன் பூட்டிட்டாங்க?" என்று ஒன்பது வயதுப் பேத்தி கேட்டாள். அணையின் நீர்த்தேக்க உயரம் 71 அடி என்பதையும், நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது என்று கரையோர மக்களுக்கு அறிவிப்பார்கள் என்பதையும் சொன்னேன். வருசநாட்டு மலையில் பெய்யும் மழையோடு, மலையைக் குடைந்த சுரங்கம் வழியே வரும் முல்லைப் பெரியாற்று நீரும் கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து இங்கேதான் சேர்கிறது என்றதும், ஊஞ்சலை மறந்து அணையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதுரையில் எங்கள் வீட்டுக் குழாயில் வருவதும் இந்தத் தண்ணீர்தான் என்பதை அவளால் முதலில் நம்ப முடியவில்லை.

1959ஆம் ஆண்டு காமராசர் முதலமைச்சராக இருந்தபோது திறக்கப்பட்ட இந்த அணையை நம்பித்தான் தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்களும் இருக்கின்றன. அங்கிருந்து பொழுதுபோக்க வருகிற ஒவ்வொருவரும் அன்றைய நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் ஆகிய மூன்றையும் தெரிந்துகொண்டு உள்ளே நுழைய வேண்டும் என்பது என் விருப்பம். நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்திலேயே இவற்றைக் கரும்பலகையில் பெரிய எழுத்தில் தினமும் எழுதி, அதன் கீழே தரைப்பாலம் திறந்துள்ளதா, மூடியுள்ளதா என்று ஒரு வரியும் சேர்த்தால் போதும். பெரிய செலவு ஏதுமில்லை. "இது குடிநீர்" என்ற ஒரு சொல்லும் அந்தப் பலகையில் இருந்தால், கரையோரம் பாலித்தீன் பையையும் தட்டையும் வீசப் போகிறவர்களில் சிலரின் கையாவது தயங்கும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். அணைகளின் நீர்மட்டத்தை வெளியிடும்போது, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களிலாவது வைகை அணைத் தரைப்பாலத்தின் நிலையையும் ஒரு வரியில் சேர்த்து அச்சிட்டால், குழந்தைகளோடு புறப்படுகிறவர்கள் வீட்டிலிருந்தே பார்த்துத் திட்டமிட்டுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மதுரை.