பன்னிரண்டு டிஜிட் வேண்டாம், எட்டு போதும்: கால்குலேட்டர் கம்பெனிகளுக்கு ஒரு திறந்த மடல்

கால்குலேட்டர் தயாரிக்கிற, இறக்குமதி செய்கிற, போனுக்கு கால்குலேட்டர் ஆப் எழுதுகிற எல்லோருக்கும் வணக்கம்.

நான் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறேன். உங்கள் சரக்கைத்தான் விற்கிறேன், அதனால் இதை எதிரி எழுதிய கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கல்லாவில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தினமும் கண்ணில் படுகிற சில விஷயங்கள் உங்கள் டிசைன் அறைக்கு வந்து சேரவில்லை என்று தோன்றுகிறது. டீலரிடம் சொன்னால் "கம்பெனியில சொல்றேண்ணே" என்பதோடு முடிந்துவிடுகிறது. சரி, பொதுவிலேயே எழுதிவிடுவோம் என்று எழுதுகிறேன்.

பிராண்டும் மாடலும் சொல்லிக் கேட்பவர்கள் காலேஜ் பிள்ளைகளும் ஆடிட்டர் ஆபீஸ் ஆட்களும்தான். மற்றவர்கள், அதாவது மளிகைக்கடைக்காரர், டெய்லர், மகளிர் குழு கணக்கு எழுதுகிற அக்கா, ரிட்டயர்டு வாத்தியார், இவர்களெல்லாம் கேட்பது "நம்பர் பெருசா தெரியற மாதிரி ஒண்ணு குடுங்க" என்றுதான். கூடவே காரணமும் வரும்: சர்க்கரை கண்ணைப் பிடித்துவிட்டது, ஒரு கண்ணுக்குத்தான் புரை எடுத்திருக்கிறது, விரல் மூட்டு மடங்கவில்லை, கை நடுங்குகிறது. இவர்களில் பெரும்பாலானவர்கள் மாற்றுத்திறனாளி அட்டை வாங்கியவர்கள் இல்லை, வாங்கவும் மாட்டார்கள். நல்ல கண்ணாடி போட்ட பிறகும் பார்வை 6/18-க்குக் கீழே (நல்ல கண் 18 மீட்டரிலிருந்து படிப்பதை 6 மீட்டருக்கு வந்தால்கூடப் படிக்க முடியாத நிலை) இருந்தால்தான் சட்டக்கணக்கில் 'குறைந்த பார்வை'. அந்தக் கோட்டுக்கு ரொம்ப முன்னாலேயே உங்கள் திரையைப் படிக்க முடியாமல் போய்விடுகிறது.

எனக்குப் புரியவே புரியாதது இந்த 12 டிஜிட் மோகம். அட்டையில் அதைத்தான் கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள், இப்போது 14 வேறு. 12 டிஜிட் என்றால் ஒரு லட்சம் கோடிக்கு ஒன்று குறைவு வரைக்கும் கணக்குப் போடலாம், எங்கள் தெரு மளிகைக்கடைக்கு அந்த அளவு வியாபாரம் நடந்தால் சந்தோஷம்தான். 8 டிஜிட் இருந்தால் பைசாவோடு சேர்த்தே 9,99,999.99 வரை வரும், பைசா வேண்டாமென்றால் பத்து கோடிக்கு ஒரு ரூபாய் குறைவு வரைக்கும் போகும். ஒரு வீட்டுக்கோ சின்னக் கடைக்கோ இதற்கு மேல் என்ன வேண்டும்? திரை அதே அகலம் இருக்கட்டும், அதில் 12 எண்ணுக்குப் பதில் 8 எண் மட்டும் வைத்தால் ஒவ்வொரு எண்ணும் ஒன்றரை மடங்கு அகலமாகிவிடும், உயரத்தையும் அதற்கேற்ப ஏற்றிவிடலாம். ஆனால் நீங்கள் என்ன செய்கிறீர்கள், 8 டிஜிட்டைச் சட்டைப்பை சைஸில் மட்டும் விடுகிறீர்கள், அதில் திரையும் துக்கடா, பட்டனும் துக்கடா. மண்டிக்காரருக்கு 12 வேண்டுமா, அதையும் விற்போம், யார் வேண்டாமென்றார்கள். மேசையில் வைக்கிற பெரிய உடம்பில் 8 டிஜிட் ஒன்று வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

எண்ணின் அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்டால், உங்கள் எண்கள் ஏழே கோடுகளில் ஆனவை. 8-ல் ஒரு கோடு மங்கினால் 6, வேறொரு கோடு மங்கினால் 9, நடுக்கோடு தெரியாவிட்டால் 0. 5-க்கும் 6-க்கும் இடப்பக்கம் கீழே ஒரு கோடுதான் வித்தியாசம். பல மாடல்களில் 1-க்கும் 7-க்கும் மேலே ஒரு கோடு. கண் நன்றாக இருக்கிறவருக்கு இது பிரச்சனையே இல்லை. புரை உள்ளவருக்கு, டியூப்லைட் வெளிச்சம் அந்தப் பளபள பிளாஸ்டிக் மூடியில் விழும்போது, 800 ரூபாய் 600 ஆகிவிடும். தப்பு நடந்தது தெரியவே தெரியாது என்பதுதான் கொடுமை. ஏனென்றால் இரண்டுமே ஒழுங்கான எண்கள். திரையில் பின்னொளி கிடையாது, பளபளப்பைக் குறைக்கிற மேல்பூச்சும் கிடையாது, கோணத்தை மாற்றலாம் என்றால் பாதி மாடலில் திரை அசையாது. மூன்று மூன்று இலக்கமாகக் கமா போட்டு 1,250,000 என்று காட்டினால் பன்னிரண்டரை லட்சம் என்று எங்கள் கண் எடுத்துக்கொள்ள ஒரு வினாடி கூடுதலாக ஆகும். நம்மூர் முறையில் 12,50,000 என்றே காட்டலாமே.

அப்புறம் அந்தச் சின்ன தள்ளு ஸ்விட்ச். பெரிய மேசைக் கால்குலேட்டர்களில் திரைக்குக் கீழே F, 4, 2, 0, A என்று ஒன்று இருக்கும், தசமம் எத்தனை இடம் வேண்டும் என்பதற்கு. என் கடைக்கு 'ரிப்பேர்' என்று திரும்பி வருகிறவற்றில் நிறைய இந்த ஸ்விட்ச் வேலைதான். நடுங்குகிற விரலோ துடைக்கிற துணியோ பட்டு A-க்குப் போயிருக்கும். அதில் 500 அடித்துக் கூட்டல் அழுத்தினால் 5 என்று எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் கடைசி இரண்டு எண்ணையும் அதுவாகவே பைசா ஆக்கிவிடும். 0-க்குப் போயிருந்தால் பைசா மொத்தமும் காணாமல் போகும். எங்கே நிற்கிறது என்று காட்டுகிற எழுத்தோ எறும்பு சைஸ். தசமத்தை வெட்டாமல் வருகிறபடியே காட்டுகிற F-க்கு நான் தள்ளிக் கொடுத்துவிடுவேன், காசு வாங்க மாட்டேன், ஆனால் பெரியவர்கள் "நமக்குத்தான் கணக்கு மறந்துபோச்சு போல" என்று முகம் சுருங்கி நிற்பதைப் பார்க்க நன்றாக இருக்காது. இந்த ஸ்விட்சை அடியில் பேட்டரி மூடிக்குள் வையுங்கள், தேவைப்படுகிறவர் திறந்து மாற்றிக்கொள்ளட்டும்.

பட்டன்களைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுதலாம். பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவே இடைவெளி விடுங்கள், மேற்புறம் லேசாகக் குழிந்திருந்தால் விரல் அதுவாக உட்காரும், அழுத்தியது கைக்குத் தெரிகிற மாதிரி ஒரு 'டிக்' இருக்கட்டும். 5-ன் மேல் புள்ளி வைப்பது நல்ல பழக்கம். ஆனால் போனில் 1 மேலே இருக்கிறது, கால்குலேட்டரில் 1 கீழே இருக்கிறது, புள்ளி இரண்டிலும் ஒன்றே. தடவிப் பார்த்து அடிக்கிறவர் எதைக் கையில் வைத்திருக்கிறோம் என்று நினைவு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சமக்குறிக்கும் AC-க்கும் வேறு வடிவம் கொடுத்தால் அந்தத் தொல்லை பாதி தீரும். முக்கியமாக AC-யை மற்றவற்றை விட்டுத் தள்ளி வையுங்கள், அரைமணி நேரம் கூட்டிக்கொண்டு வந்ததை ஒரே தொடலில் அழிக்கிற பட்டன் அது. அதை C-க்குப் பக்கத்தில் ஒட்டி வைப்பது என்ன நியாயம்?

கை நடுக்கம் உள்ளவர்களுக்கு ஒரு எண் இரண்டு முறை விழும், 55 என்று வரும். ஒரே பட்டன் அரை நொடிக்குள் மறுபடி அழுந்தினால் எண்ணாமல் விடுகிற வசதியைக் கம்ப்யூட்டர் கீபோர்டுக்கு விண்டோஸ் 95-லேயே ஃபில்டர் கீஸ் என்று கொடுத்துவிட்டார்கள். ஐபோனிலும் திரைத் தொடுகைக்கு இதே போன்ற அமைப்பு உண்டு. ஒரு கால்குலேட்டர் சிப்பில் இதை வைப்பதற்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. விரல் வழுக்காமல் இருக்க, பட்டன்களுக்கு மேலே ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தட்டு ஒன்றைத் தனியாக விற்றால்கூட நான் வாங்கி அடுக்குவேன், பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளின் கீபோர்டுகளுக்கு அப்படி வைப்பது வழக்கம்தான்.

இனி பேசும் கால்குலேட்டர். 1976-லேயே அமெரிக்காவில் டெலிசென்சரி சிஸ்டம்ஸ் என்ற கம்பெனி ஸ்பீச் பிளஸ் என்று ஒன்றை விட்டது. மொத்தம் 24 வார்த்தைதான் அதற்குத் தெரியும், விலை 395 டாலர். ஐம்பது வருடம் ஆகப்போகிறது, இன்றைக்கும் என் கடைக்குத் தமிழ் பேசுகிற கால்குலேட்டரைக் கொண்டுவந்து காட்டிய டீலர் ஒருவர்கூட இல்லை. வருவதெல்லாம் ஆங்கிலமோ சீனமோ பேசுகிறது, அதுவும் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் மாதிரி ஒரு குரலில். செலவு அதிகம் என்று சொல்லாதீர்கள். டீக்கடைக்குப் போய்ப் பாருங்கள், க்யூஆர் அட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற சவுண்ட்பாக்ஸ் பணம் வந்ததும் எத்தனை ரூபாய் என்று தமிழில் சத்தமாகச் சொல்கிறது. அத்தனை மலிவான டப்பாவால் எண்ணைத் தமிழில் சொல்ல முடிகிறதென்றால் உங்களால் முடியாதா? ஒவ்வொரு எண்ணாகச் சொல்வதற்கு பூஜ்யம் முதல் ஒன்பது வரை பத்து, புள்ளி, கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், சமம், சதவீதம், 'அழிந்தது' என்று இன்னும் சில, அவ்வளவுதான். முழுத்தொகையாக "இருநூற்று ஐம்பது" என்று சொல்வதற்குக் கொஞ்சம் கூடுதல் வேலை, அதை அடுத்த மாடலில் பார்த்துக்கொள்ளலாம். இயர்போன் மாட்ட ஓர் ஓட்டை மட்டும் மறக்காதீர்கள். ஒருவர் வீட்டுக் கடன் கணக்கை ஊரே கேட்க வேண்டியதில்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கான எழுத்துத் தேர்வுகளுக்கு மத்திய அரசு 2018-ல் கொடுத்த வழிகாட்டுதலில், கால்குலேட்டர் அனுமதிக்கிற தேர்வுகளில் பேசும் கால்குலேட்டரும் கொண்டுபோகலாம் என்று இருந்தது. 2016-ம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 43-வது பிரிவு, எல்லோரும் பயன்படுத்தத்தக்க பொதுப் பொருட்களை உருவாக்குவதையும் தயாரிப்பதையும் வினியோகிப்பதையும் அரசு ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. அரசு ஊக்குவிக்கிறதா என்பதை அரசிடம் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். தேர்வறைக்குள் அனுமதி கொடுத்தாகிவிட்டது, வாங்கிக்கொண்டு போகத்தான் பொருள் இல்லை.

"போனில்தான் இலவசமாக இருக்கிறதே" என்று ஆப்காரர்கள் சொல்லலாம். இருக்கிறது, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்கிற டாக்பேக்கும் (ஆண்ட்ராய்டு) வாய்ஸ்ஓவரும் (ஐபோன்) 2009-லிருந்து போனில் இருக்கின்றன, பார்வை அறவே இல்லாதவர்கள் அதில் என்னைவிட வேகமாகக் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் நீங்கள் பட்டனுக்குப் பெயர் வைக்காமல் விட்டால் அது வெறுமனே 'பட்டன், பட்டன்' என்றுதான் படிக்கும். தொகை நீள நீள எழுத்தைச் சுருக்குகிற பழக்கத்தையும் விடுங்கள். பெரிய தொகையைத்தான் மனிதன் இரண்டு முறை பார்ப்பான், அதைப் போய் பொடியாக்குகிறீர்கள். கடைசி எண்ணை அழிக்கத் திரையை விரலால் இழுக்க வேண்டும் என்பதை யார் அந்தப் பெரியவருக்குச் சொல்வது? சமக்குறிக்கு ஒட்டினாற்போல் விளம்பரம் வைக்கிறவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் மரியாதை இருக்காது, விட்டுவிடுகிறேன்.

விலை பற்றி: சாதாரண மாடலைவிட கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் வாங்குவார்கள், இதை நான் கல்லாவிலிருந்து சொல்கிறேன். இப்போதே பெரிய எண் என்று நினைத்துத்தான் விலை கூடுதலான 14 டிஜிட்டை வாங்கிப் போய், மறுநாள் திரும்பக் கொண்டுவருகிறார்கள். அட்டையில் டிஜிட் கணக்கோடு எண்ணின் உயரத்தையும் மில்லிமீட்டரில் போட்டுவிட்டால் அந்த அலைச்சலாவது மிச்சம்.

யாராவது ஒரு மாடல் செய்து பார்க்கத் தயாராக இருந்தால் சாம்பிள் அனுப்புங்கள். கடைக்கு வருகிற பெரியவர்கள் கையில் கொடுத்து, கூட்டச் சொல்லி, என்ன சொன்னார்கள் என்று அப்படியே எழுதி அனுப்புகிறேன், திட்டினாலும் எழுதுவேன். அதற்குக் காசு வேண்டாம். கறுப்பு உடம்பில் சாம்பல் எழுத்து போட்டதை மட்டும் அனுப்ப வேண்டாம், அது ஏற்கெனவே ஒரு பெட்டி நிறைய விற்காமல் கிடக்கிறது.