லெந்து நாளில் சினிமாவுக்குப் போகலாமா: மகளுக்கு எழுதிய பதில்

நாசரேத்
8 மார்ச் 2026
லெந்து மூன்றாம் ஞாயிறு

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு அம்மா எழுதுவது.

வீட்டில் எல்லாரும் சுகம். ஆச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. இன்று ஆராதனைக்கு ஆட்டோ வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தே வந்தார்கள். அப்பா முழு ஆண்டுத் தேர்வு வேலையில் மூழ்கிக் கிடக்கிறார்.

புதன்கிழமை இரவு நீ போனில் கேட்டதற்கு அப்போதே ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். ‘போ’ என்றோ ‘போகாதே’ என்றோ சொன்னால் அது உனக்கு வருகிற சனிக்கிழமைக்கு மட்டும்தான் உதவும். நீ இனி எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேரோடு வாழப் போகிறாய். அதனால்தான் எழுதுகிறேன் என்றேன். ஒப்புக்கொள்ள முடியாத இடத்தில் கோடு போட்டு எனக்குத் திருப்பி எழுது. கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அறைத்தோழியின் பிறந்த நாளுக்கு எல்லாரும் படத்துக்குக் கிளம்புகிறார்கள். நடப்பது ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் விரதமான லெந்து காலம். வெளியே நீ போய்வருகிற ஜெபக்கூட்டத்தில் ஓர் அக்கா, சினிமாவுக்குப் போகிறவள் விசுவாசியே அல்ல என்று சொல்லிவிட்டார். போகலாமா, கூடாதா? இதுதானே உன் கேள்வி?

சினிமா பார்ப்பது பாவம் என்று நான் நினைக்கவில்லை. இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அப்படி நினைக்கிறவர்களை நான் அற்பமாக எண்ணுவதும் இல்லை. நம் வீட்டையே எடுத்துக்கொள். ஆச்சி தியேட்டர் வாசலை மிதித்ததே கிடையாது. அவர்கள் வளர்ந்த சபையில் அது பேசவே வேண்டியிராத விஷயம். அப்பா திடப்படுத்தல் பெற்று சபையில் முழு அங்கமான வருஷம் இனி போவதில்லை என்று தீர்மானித்தவர், இன்றுவரை போகவில்லை. நானோ பாளையங்கோட்டையில் படித்த நாளிலிருந்து நல்ல படம் என்று கேள்விப்பட்டால் போய்ப் பார்க்கிறவள். கல்யாணமான புதிதில் இதை எப்படிச் சமாளிப்பது என்று யோசித்தோம். அப்பா என்னைத் தடுக்கவில்லை. ‘ஒரு நாள் வாருங்களேன்’ என்று நானும் அவரை நச்சரிக்கவில்லை. உன் அத்தையோடு திருநெல்வேலிக்குப் போய்ப் படம் பார்த்துவிட்டுத் திரும்பினால், ராத்திரி சாப்பிடும்போது, “கதையைச் சொல்லு” என்று கேட்பார். முழுவதும் கேட்டுவிட்டுத்தான் கை கழுவுவார். குடும்ப ஜெபத்தில் மூன்று பேரும் ஒரே பாயில்தான் உட்காருகிறோம்.

வேதாகமத்தில் ரோமர் 14-ம் அதிகாரத்தை உட்கார்ந்து முழுதாக வாசி. “புசிக்கிறவன் புசியாதிருக்கிறவனை அற்பமாயெண்ணாதிருப்பானாக, புசியாதிருக்கிறவனும் புசிக்கிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்காதிருப்பானாக” என்று பவுல் எழுதுகிறார். இரண்டு பக்கத்தாருக்கும் அங்கே கட்டளை இருக்கிறது. அந்த அக்கா உன்னைக் குற்றவாளியாகத் தீர்க்கக் கூடாது. நீயும் அவரைப் பழைய காலத்து ஆள் என்று தோழிகளிடம் சொல்லிச் சிரிக்கக் கூடாது. எதிலிருந்து மீண்டு வந்து அவர் அந்த உறுதியைப் பிடித்துக்கொண்டாரோ, உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஒன்றில் மட்டும் அவரோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. ஜெபமும் வேதவாசிப்பும் தேவனுக்குரியவை, பாட்டும் கூத்தும் கதையும் பிசாசுக்குரியவை என்று கோடு கிழித்துப் பிரிக்கிறாரே, அதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நம் ஊர்ப் பக்கத்துச் சபையில் பிறந்த எந்தப் பிள்ளையும் அப்படிச் சொல்லலாமா? வேதநாயகம் சாஸ்திரியார் 1774-ல் பாளையங்கோட்டையில் பிறந்தவர். மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் அவரைச் சிறு பையனாகத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போய் வளர்த்தார். அந்தக் காலத்தில் ஊர் கூடி ரசித்தது குறவஞ்சி நாடகம். தலைவி ஒருத்தி காதலில் தவிப்பாள், குறத்தி வந்து கைபார்த்துக் குறி சொல்வாள், குறவன் அவளைத் தேடி வருவான், எல்லாம் பாட்டும் ஆட்டமுமாக நடக்கும். சாஸ்திரியார் அந்த வடிவத்தைக் கண்டு ஒதுங்கிப் போகவில்லை. அதையே எடுத்து, சீயோன் குமாரத்தியைத் தலைவியாக்கி, அவள் மனம் கிறிஸ்துவை நாடுவதாக ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். நாம் ஞாயிறுதோறும் தாளம் தட்டிப் பாடுகிற கீர்த்தனைகளில் எத்தனை அவருடையவை! ஜனங்கள் மகிழ்ந்த இடத்திலேயே போய் நின்று அவர் பாடினார். அவரை யார் அவிசுவாசி என்று சொல்வார்கள்?

கர்த்தரும் முதல் அற்புதத்தைக் கல்யாண வீட்டில்தானே செய்தார்? ஆறு கற்சாடி நிறையத் தண்ணீரைத் திராட்சரசமாக்கினார். ஊரார் சந்தோஷம் பாதியில் நின்றுபோகக் கூடாது என்ற அக்கறையை அதில் நான் பார்க்கிறேன். நம் கிறிஸ்துமஸ் கீத பவனியை நினைத்துப் பார். பனியில் தெருத் தெருவாக நடந்து, ஒவ்வொரு வீட்டிலும் பாடி, கேக்கும் முறுக்கும் தின்று, விடியும்போது தொண்டை கட்டிப்போய் வருவீர்களே, அது ஆராதனையா, பொழுதுபோக்கா? கோவில் விருந்தான அசனத்தன்று ஆண்கள் விடிய விடிய அண்டாவில் கறி கிண்டுவதும், பிறகு சாதி பணம் பாராமல் பந்தியில் உட்காருவதும் எதில் சேர்த்தி? நீ ஆடிப் பாடிச் சிரித்து வளர்ந்ததே கோவில் வளாகத்தில்தான். அதனால் மகிழ்ச்சியைக் கண்டு நீ பயப்பட வேண்டியதில்லை.

படத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற கண் மட்டும் வேண்டும். ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து தொந்தரவு செய்வதைக் காதல் என்று காட்டினால், அவளை அறைந்ததும் அரங்கம் கைதட்டினால், நீ எதற்குக் கைதட்டுகிறாய் என்று உன்னையே கேள். வகுப்பில் எட்டாம் வகுப்புப் பையன்கள் அந்த வசனத்தை அப்படியே பெண் பிள்ளைகளிடம் சொல்லும்போது நான் பார்க்கிறேன். கெட்ட வார்த்தை இல்லாத படம் நல்ல படம் என்று பலர் நினைக்கிறார்கள். எளியவனை இழிவாகக் காட்டுகிற படம் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாமல் வரும். வரும்வழியில் அதைப் பற்றித் தோழிகளோடு சண்டை போட்டுக்கொண்டு வா. படம் பார்ப்பதில் பாதிச் சுவை அதில்தான் இருக்கிறது.

உண்மையில் எனக்குத் தியேட்டரைப் பற்றிக் கவலையே இல்லை. இரண்டரை மணி நேரத்தில் படம் முடிந்துவிடும், விளக்கைப் போட்டு எழுப்பி அனுப்பிவிடுவார்கள். உன் கையில் இருக்கிற போன் எழுப்பி அனுப்பாது. கிறிஸ்துமஸ் லீவில் நீ வந்திருந்தபோது, நான் தண்ணீர் குடிக்க எழுந்தால் உன் போர்வைக்குள் வெளிச்சம் தெரியும். காலையில் கண் சிவந்து, ஆச்சி ஏதாவது கேட்டால் எரிந்து விழுந்தாய். “அம்மா, நான் பார்த்தது பிரசங்கமும் ஆராதனைப் பாட்டும்தான்” என்று சொன்னாய். நீ பொய் சொல்கிற பெண் இல்லை, நம்புகிறேன். ஆனால் பாதிப் பிரசங்கம், அடுத்தவர் சாட்சி, இன்னொருவர் பாட்டு என்று ஒரு நிமிஷத் துண்டுகளாக இரண்டு மணி வரை தள்ளிக்கொண்டே போனால், அது வேதவசனமாக இருந்தாலும் உன் தூக்கத்தைத் தின்கிற பொழுதுபோக்குத்தான். அன்று இரவு நீ ஜெபித்தாயா என்று நான் கேட்கவில்லை. இப்போது நீயே யோசி.

“எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு, ஆகிலும் நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்” என்று கொரிந்தியருக்கு எழுதியிருப்பது இதற்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. ‘இது பாவமா?’ என்று கேட்பதைவிட, ‘இதை இப்போது மூடி வைக்க என்னால் முடியுமா?’ என்று கேட்பது உனக்கு உதவும். அடுத்து, இதை யாரிடமாவது மறைக்க வேண்டியிருக்கிறதா என்று பார். படத்துக்குப் போய்விட்டு நூலகத்தில் இருந்தேன் என்று அந்த அக்காவிடம் சொன்னால், பாவம் அந்த நூலகத்தில்தான் இருக்கிறது.

பார்சலில் ஒரு சின்ன அலாரம் கடிகாரம் வைத்திருக்கிறேன். ராத்திரி போனை மேசையில் வைத்துவிட்டு, கடிகாரத்தைத் தலைமாட்டில் வை. உன் திடப்படுத்தலுக்கு சபை போதகர் ஐயரவர்கள் கொடுத்த வேதாகமத்தையும் வைத்திருக்கிறேன். போனில் வேதம் வாசிப்பது தவறில்லை. ஆனால் ஒரு அதிகாரம் முடிவதற்குள் மூன்று செய்தி வந்து நிற்கிறதே, பவுல் பாவம் என்ன செய்வார்?

ஞாயிற்றுக்கிழமை நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். நகரத்தில் நீ போய்வந்த பெரிய கூட்டத்தைப் பற்றி, விளக்கும் டிரம்ஸும் ஆயிரம் பேர் பாடுவதுமாக, எவ்வளவு உற்சாகமாகச் சொன்னாய்! எனக்கும் கேட்கச் சந்தோஷமாக இருந்தது. எப்போதாவது போய் வா. ஆனால் அங்கே நீ பார்வையாளர். இங்கே பாடற்குழுவில் ஆல்ட்டோவில் நீ இல்லாமல் இந்த லெந்துப் பாட்டுகள் எனக்குப் பாரமாக இருக்கின்றன. பக்கத்தில் நின்று சுருதி பிடிக்க ஆள் இல்லை. நீ வராவிட்டால் ‘ஏன் வரவில்லை’ என்று கேட்கிற மனுஷர் இருக்கிற சபையைத் தாம்பரத்தில் தேடிக்கொள். சின்னச் சபையாக இருந்தாலும் பரவாயில்லை. ஞாயிறு பள்ளிக்கு ஆசிரியர் இல்லாத சபையாக இருந்தால் இன்னும் நல்லது, உனக்கு வேலை இருக்கும்.

வாரநாட்களில் சாயங்காலம் அறைக்குள்ளேயே அடைந்து கிடக்காதே. 1937-ல் ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக்கு உன் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வந்தபோது கிடைத்த காட்டில் எவ்வளவோ மிச்சமிருக்கிறது. மான் பார்த்தேன், பெயர் தெரியாத கொடி பார்த்தேன் என்று முதல் வருஷம் எழுதுவாயே, இப்போது ஏன் எழுதுவதில்லை? தாவரவியல் படிக்கிற பெண்ணுக்கு அதைவிட நல்ல பொழுதுபோக்கு எது?

விசுவாசத்தைப் பற்றித் தோழிகள் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் தூக்கம் வரவில்லை என்றும் ஒருமுறை சொன்னாய். அது நல்லதுதான். உன் கல்லூரியில்தான் டாக்டர் ராதாகிருஷ்ணன் படித்தார். மிஷனரி ஆசிரியர்கள் இந்து மதத்தைக் குறை சொன்னதைக் கேட்டு அவர் மனம் புண்பட்டது. அது அவரைத் தம் சமயத்தை ஆழமாகப் படிக்க வைத்தது. வேதாந்தத்தின் அறநெறியைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுரையை ஏ. ஜி. ஹாக் என்ற கிறிஸ்தவப் பேராசிரியரே பாராட்டினார். மாற்றுக் கருத்தைக் கேட்டு அவருடைய பக்தி கரைந்து போகவில்லையே. உன்னுடையது மட்டும் ஏன் கரைய வேண்டும்? கேள்வி வந்தால் ‘தெரியாது, படித்துவிட்டுச் சொல்கிறேன்’ என்று சொல். சொன்னபடி படி.

இனி சனிக்கிழமைக்கு வருகிறேன். லெந்தில் நான் படம் பார்ப்பதில்லை, உனக்குத் தெரியும். அதற்குக் காரணம் அந்த அக்கா சொல்கிற காரணம் அல்ல. பாவத்தை வருஷம் முழுவதும் விட வேண்டும். அதற்கு நாற்பது நாள் கணக்கு எதற்கு? லெந்தில் நாம் விடுவது நல்லவற்றை. கறி நல்லது, பூ நல்லது, கல்யாணமும் நல்லதுதான். அவை இல்லாமலும் கர்த்தர் போதும் என்று கொஞ்ச நாள் இருந்து பார்க்கிறோம். ஈஸ்டர் அன்று நன்றியோடு மறுபடி வாங்கிக்கொள்கிறோம். சினிமாவை லெந்தில் விடுகிறவள் அது நல்லது என்று ஒப்புக்கொள்கிறாள் என்றுதான் நான் சொல்வேன்.

இந்த வருஷம் லெந்து தொடங்குகிற சாம்பல் புதனும் ரமலான் முதல் நோன்பும் ஒரே வாரத்தில் வந்தன. உங்கள் ஆம்பூர்த் தோழி விடியுமுன் சாப்பிடுகிற சஹருக்கு எழும்போது உங்கள் தூக்கம் கெடக் கூடாதென்று விளக்குப் போடாமல் சாப்பிடுகிறாள் என்றாய். நோன்புக் கஞ்சியில் உனக்கும் ஒரு தம்ளர் எடுத்து வைக்கிறாள் என்றாய். அவள் யாரிடமும் பிரசங்கம் செய்யவில்லை. ‘நோன்பு முடிந்ததும் படத்துக்கு வருகிறேன்’ என்று சொல்லிவிட்டாளாம். நீயும் அப்படிச் சொல்லலாம்: ‘எனக்கு ஈஸ்டர் வரை விரதம், பிறந்த நாள் சாப்பாட்டுக்கு வருகிறேன், படம் அப்புறம்.’ ஆனால் பிறந்த நாள் கொண்டாடுகிற பெண், அம்மாவை இழந்தபின் முதல் பிறந்த நாள் என்று சொன்னாயே, நீ வராவிட்டால் மனம் உடைவாள் என்று தோன்றினால், போய் அவள் பக்கத்தில் உட்கார். விரதத்தை அவளுக்காக விட்டதாக அவளிடம் சொல்லாதே. எது செய்தாலும், “அவனவன் தன்தன் மனதிலே முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்” என்றபடி செய். எனக்குப் பயந்தோ, அந்த அக்காவுக்குப் பயந்தோ செய்யாதே.

பெரிய வெள்ளி ஏப்ரல் 3. வியாழக்கிழமை செந்தூர் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் இறங்கி, மும்மணி ஆராதனைக்கு வந்துவிடலாம். டிக்கெட் எடுக்க அப்பா காத்திருக்கிறார், எத்தனை பேர் என்று உடனே சொல். அந்தப் பெண்ணையும் ஈஸ்டருக்கு அழைத்து வா. அவள் கறி சாப்பிடுவாளா என்று கேட்டு எழுது, இல்லையென்றால் ஆச்சி அவளுக்குத் தனியாகச் சொதி வைக்கிறேன் என்கிறார்கள்.

கர்த்தர் உன்னோடிருப்பாராக.

அன்புடன்
அம்மா