சாமை மிஷின் மலையேறிவிட்டது

அன்புள்ள அண்ணன்மாரே, அக்காமாரே, தம்பிகளே,

சிங்கப்பூரில் நீங்கள் எல்லோரும் காசு போட்டு உதவிய, சாமையின் உமி நீக்கும் மிஷின், கொல்லிமலையில் எங்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. மினி லாரியில் கயிறு கட்டி, இரண்டு பேர் பின்னால் பிடித்துக்கொண்டே போனார்களாம்.

நாமக்கல் மாவட்டத்தில் இப்படி ஒரு மலை இருப்பதே உங்களில் பலருக்கு என் வாயால்தான் தெரியும். ஆனாலும், "அம்மாவால் சாமை குத்த முடியவில்லை" என்று நான் சொன்ன அன்றே கை கொடுத்தீர்கள். சாமை பொடி மணி. மேலே வழுக்குகிற கெட்டி உமி. உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்த வேண்டும். உலக்கை பிடித்த இடத்தில் அம்மாவின் உள்ளங்கை இன்றும் காய்த்துக் கிடக்கிறது. இந்தப் பாடு தாங்காமலே பல வீடுகள் சாமையை விட்டன. அப்புறம் ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் மரவள்ளி காசு தந்தது, சரிவெல்லாம் அதுவே ஆயிற்று. கட்டவெட்டிச்சாமை, சடஞ்சாமை, மல்லியச்சாமை என்று பேர் சொல்லி விதை காத்த மலை அது.

துவாஸ் தொழிலாளர் விடுதித் தம்பிகளே, ஓவர்டைம் காசில் ஆளுக்கு 10 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தீர்கள். வேண்டாம் என்றேன். "எங்கம்மாவும் களத்துமேட்டுலதான் நிக்கிறாங்க அண்ணே" என்றார் ஒரு தம்பி. அதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை. கடையெழு வள்ளல்களில் ஒருவனான ஓரி ஆண்ட மலை எங்களுடையது என்று பள்ளியில் படித்திருக்கிறேன். கொடை என்றால் என்னவென்று உங்கள் விடுதி வாசலில்தான் தெரிந்துகொண்டேன்.

எதிர்வீட்டு மக்சிக் (மலாய்க்கார அத்தை), என் அம்மாவின் படத்தைப் பார்த்துவிட்டு உறையில் 50 வெள்ளி வைத்துத் தந்தார். தேக்கா காய்கறிக்கடை அக்கா, லாரி வாடகையை ஏற்றுக்கொண்டார். இருவருக்கும் நன்றி.

ஜூரோங் டெக்னீஷியன் அண்ணனைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் நாள் மிஷினில் வந்ததெல்லாம் நொய். விற்றவர் போனையே எடுக்கவில்லை. இரவு வேலை முடிந்து வந்த களைப்போடு, அண்ணன் வீடியோவில் சத்தத்தை மட்டும் கேட்டார். "வேகம் அதிகம், மோட்டார் பக்கப் புல்லியைச் சின்னதாக்குங்க" என்றார். மாற்றினார்கள். மறுநாள் முழு அரிசியாக விழுந்தது. அம்மா ஒரு கை அள்ளி, சூடு ஆறும்வரை உள்ளங்கையிலேயே வைத்திருந்தார். புருவமெல்லாம் உமித்தூசி.

தம்பி ஊரிலிருந்து 3 கிலோ கொண்டுவந்திருக்கிறான். ஞாயிறு மதியம் வீட்டுக்கு வாருங்கள். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வைக்கிறோம்.