வரிசை கடைசியில் வரட்டும்

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் மாணவர் பகுதியில், உலோகங்களின் வினைத்திறன் வரிசையை (அதிகமாக வினைபுரியும் உலோகம் மேலே, குறைவாக வினைபுரிவது கீழே) நினைவில் வைக்க ஒரு வேடிக்கை வாக்கியம் கொடுத்திருந்தீர்கள். அதை வைத்துப் பொட்டாசியத்தில் தொடங்கித் தங்கம் வரை மடமடவென்று ஒப்பித்துவிடலாம், சரி. ஒப்பித்த பிள்ளையிடம், "துத்தநாகம் இரும்புக்கு மேலே என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டுப் பாருங்கள். "புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, டீச்சர்" என்று பதில் வரும். தப்பு பிள்ளைகளுடையது அல்ல. வரிசையை முதல் நாளே கரும்பலகையில் எழுதிப்போட்டுவிடுகிறோம். நானும் வெகுகாலம் அப்படித்தான் செய்தேன்.

இப்போது பட்டியலைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். மெக்னீசியம், துத்தநாகம், இரும்பு, செம்பு ஆகிய நான்கும், அவற்றின் சல்பேட் கரைசல்களும் போதும். குழித்தட்டில் சில சொட்டுகள் விட்டு, ஒவ்வொரு கரைசலிலும் மற்ற மூன்று உலோகங்களையும் சிறு துண்டுகளாகப் போடச் சொல்கிறேன். மொத்தம் 12 குழிகள். உலோகம் படிந்த குழிக்கு ஒரு டிக். மெக்னீசியத்துக்கு 3, துத்தநாகத்துக்கு 2, இரும்புக்கு 1, செம்புக்கு ஒன்றுமில்லை. எண்ணி முடிக்கும்போதே வரிசை கண்ணில் பட்டுவிடும். மயில்துத்தக் கரைசலின் (அதாவது செம்பு சல்பேட்டின்) நீலம் வெளுத்து இரும்பாணியில் செம்பு ஏறுவதைப் பார்த்த பிள்ளைக்கு, ஓர் உலோகம் கரைசலில் இருக்கும் இன்னோர் உலோகத்தை வெளியே தள்ளும் இடப்பெயர்ச்சி வினையைப் பற்றி நான் நீட்டி முழக்க வேண்டியதில்லை.

சொல்கிற அளவுக்கு வேலை சுலபமில்லை. மெக்னீசியம் போட்ட குழியில் ஹைட்ரஜன் குமிழ்களும் வரும். குமிழைப் பார்த்தே டிக் போட்டுவிடுவார்கள். இரும்பு சல்பேட்டில் துத்தநாகம் கறுக்கும்வரை பொறுமையாக இருக்க வேண்டும். அந்தக் கரைசலை அன்றன்றே தயாரிப்பது நல்லது, வைத்திருந்தால் காற்று பட்டுத் தானே பழுப்பாகிவிடும்.

அப்புறம் அலுமினியம். பட்டியலில் துத்தநாகத்துக்கும் மேலே இருப்பது, மயில்துத்தக் கரைசலில் போட்டால் சும்மா கிடக்கிறது. "அப்போ பட்டியல் பொய்யா?" என்று வகுப்பில் ஒரு குரல் கிளம்பும். அந்தக் குரலுக்காகவே இதைச் செய்யலாம். கொஞ்சம் உப்பைப் போட்டால், குளோரைடு அயனிகள் உலோகத்தின் மேலிருக்கும் ஆக்சைடு படலத்தைக் குலைத்துவிடும். அதுவரை அசையாமல் கிடந்த அலுமினியத் தாள் சூடாகி, நுரைத்து, செம்பை உதிர்க்கத் தொடங்கும்.

இன்னொன்று. சோடியமா கால்சியமா, எது மேலே என்பதில் எல்லாப் பட்டியல்களும் ஒத்துப்போவதில்லை. தண்ணீரில் சோடியம்தான் வேகம். எலக்ட்ரானை இழக்கும் போக்கைக் காட்டும் மின்முனை அழுத்தத்தை வைத்து அடுக்கினால் கால்சியம் மேலே போய்விடும். உங்கள் வாக்கியத்தை மனப்பாடம் செய்த பிள்ளை வேறொரு புத்தகத்தைத் திறந்தால் குழம்பத்தான் செய்யும்.

வாக்கியம் வேண்டாம் என்று சொல்லவில்லை, பரீட்சைக்கு உதவும். அடுத்த இதழில் அந்த 12 கட்டங்களை வெறுமையாக அச்சிடுங்கள். பிள்ளைகள் வகுப்பில் செய்து பார்த்து நிரப்பட்டும். விடையை அதே பக்கத்தின் அடியில் தலைகீழாகப் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வேதியியல் ஆசிரியை