உணவுப் பட்டியல் எழுதித் தருபவர்களுக்கு, மஞ்சக்குப்பத்துச் சமையலறையிலிருந்து

எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு ஆலோசனை சொல்லும் புதுச்சேரி, கடலூர் உணவியலாளர்களுக்கு வணக்கம்.

எனக்கு அந்த அறுவை நடந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். மருத்துவர்கள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் பேச வந்தது, வீட்டுக்குக் கிளம்பும்போது கையில் கொடுக்கப்பட்ட இரண்டு தாள்களைப் பற்றி. குளிர்பதனப் பெட்டியின் கதவில் இன்னமும் ஒட்டியிருக்கிறது. கிரேக்கத் தயிர், காட்டேஜ் சீஸ், வான்கோழி, சால்மன் மீன், தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி, மீதிக்குப் புரதப் பொடி. தேவனாம்பட்டினம் கடற்கரை என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். அங்கே வந்து இறங்கும் மீன் ஒன்றின் பெயர்கூட அந்தத் தாளில் இல்லை.

நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் என்று முதல் வரியில் எழுதியிருந்தீர்கள். சரியான கணக்குதான். ஆனால் இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்த பிறகு மிஞ்சுவது ஒரு காப்பி டம்ளர் கொள்ளளவு. அதற்குள் அறுபது கிராமை எப்படிக் கொண்டு சேர்ப்பது என்று தாள் சொல்லவில்லை. எதைத் தின்பது என்று இருந்தது. எப்படி வேகவைப்பது என்று ஒரு சொல்கூட இல்லை. எங்களைப் போன்றவர்கள் தடுக்கி விழுவது அங்கேதான்.

மிருதுவான உணவுக்கு மாறலாம் என்று நீங்கள் சொன்ன வாரம் கோழி நெஞ்சுக்கறியை வேகவைத்து, மென்று, மெதுவாகத்தான் விழுங்கினேன். மூன்றாவது கவளம் நெஞ்சில் நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. வாய் நிறைய நுரை நுரையாக எச்சில் ஊறியது. அரை மணி நேரம் தொட்டியைப் பிடித்தபடி நின்றேன். என் மாமியார் முதுகைத் தடவிக்கொண்டே, "காக்காய்க்கு வைக்கிற சோற்றைவிடக் குறைவாகத் தின்றுவிட்டு இப்படி அவதிப்படுகிறாயே" என்றார். அடுத்த பத்து நாட்கள் பயத்தில் பொடிக்கும் தயிருக்கும் திரும்பிவிட்டேன். மறு பரிசோதனையில் புரதம் போதவில்லை என்று நீங்கள் கடிந்துகொண்டீர்கள்.

நெஞ்சுக்கறியில் கொழுப்பும் குறைவு, இணைப்புத் திசுவும் குறைவு. கொஞ்சம் அதிகம் வெந்தாலே நார் நாராகக் காய்ந்துவிடும். தொடைக்கறி அப்படி அல்ல. குறைந்த சூட்டில் நெடுநேரம் கிடந்தால் அதிலிருக்கும் இணைப்புத் திசு இளகிக் கூழ்போல ஆகிக் கறியை ஈரமாகவே வைத்திருக்கும். இது எனக்குத் தெரியவந்தது வெளிநாட்டிலிருக்கும் மகன் வாங்கித் தந்த ஸ்லோ குக்கர் என்ற மின்சாரச் சட்டியால்தான். ஒன்றரை லிட்டர், 120 வாட். எட்டு மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட் ஆகாது. 1971-இல் அமெரிக்காவில் கிராக்பாட் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த பண்டம்; நமக்குத்தான் புதிது. மாமியாரிடம் விளக்கினேன். "கும்முட்டி அடுப்புக்குக் கரண்ட் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதானே" என்று முடித்துவிட்டார். அதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

பிரஷர் குக்கரிலும் கறி பஞ்சாக வேகும், மறுக்கவில்லை. ஆனால் நான் காலை ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடித்து அரியாங்குப்பம் பக்கம் பள்ளிக்குப் போகிறவள். விசிலை எண்ணிக்கொண்டு நிற்க நேரமில்லை. எலும்போடு அரைக் கிலோ தொடைக்கறி, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், நான்கு பல் பூண்டு, இடித்த மிளகு சீரகம், மஞ்சள், உப்பு, அரை டம்ளர் தண்ணீர். மிளகாய்த்தூள் முதல் மாதங்களில் வேண்டாம். தண்ணீர் அதற்குமேல் தேவையில்லை, மூடியிலிருந்து ஆவி அதிகம் வெளியேறாது. எட்டு மணி நேரம் வெந்த பிறகு அதுவே சூடு காக்கும் நிலைக்கு மாறிவிடும். மாலை ஐந்தரைக்கு வந்து மூடியைத் திறந்தால் எலும்பு தனியே கழன்று வரும். கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தினாலே உதிரும். எலும்பை எடுத்துவிட்டு நான்கு பங்கு வைக்கிறேன். பங்குக்கு அறுபது கிராம் கறி, ஏறத்தாழ 15 கிராம் புரதம். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, அரை மணி நேரம் பொறுக்க வேண்டும் என்கிறீர்கள் அல்லவா? அப்படியானால் குழம்பும் தளர்வாக இருக்கக் கூடாது என்பதையும் எழுதுங்கள். நீர்த்த சாறே வயிற்றை அடைத்துவிட்டால் கறிக்கு இடம் ஏது?

மீனுக்கு வருகிறேன். மீனை எட்டு மணி நேரம் போட்டால் கஞ்சிதான் மிஞ்சும். வெங்காயம், தக்காளி, பூண்டு பகல் முழுதும் வெந்து கிடக்கட்டும். வீடு திரும்பியதும் சங்கராவையோ வஞ்சிரத்தையோ சேர்த்து அதிகச் சூட்டில் அரை மணி நேரம் வைத்தால் போதும். ஆனால் உங்கள் மிருது உணவுப் பகுதிக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது சுறாப் புட்டு. வேகவைத்து, தோலை உரித்து, உதிர்த்து, மிளகும் பூண்டும் போட்டுக் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே இறக்கியது. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா கொடுப்பது இந்தக் கரையோரத்து வழக்கம். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு அதைப் பரிமாறும்போது என் நாத்தனார் சிரித்த சிரிப்பு தனிக் கதை. ஆனால் அறுவைக்குப் பிறகு என் நெஞ்சில் நிற்காமல் இறங்கிய முதல் அசைவம் அதுதான்.

ஆட்டுக்கால் சூப்பைப் பற்றி உங்களில் யாராவது துணிந்து பேச வேண்டும். பார்க்க வருகிற சொந்தக்காரர் ஒவ்வொருவரும் தூக்குவாளியில் கொண்டுவருகிறார். இரவெல்லாம் வேகவைத்து ஆறினால் கட்டியாக உறைகிறதே, அதில் சத்து இல்லையா என்கிறார்கள். உறைவது கொலாஜன் என்ற ஒரு வகைப் புரதம். அதில் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் இல்லை. அதனால் அது முழுப் புரதமாகக் கணக்கில் வராது. குடிக்கலாம், இதமாக இருக்கும். ஆனால் கறிக்குப் பதில் ஆகாது. இதை நான் சொன்னால் வாய்த்துடுக்கு. நீங்கள் தாளில் அச்சடித்தால் மருத்துவம். சாம்பாரும் அப்படித்தான், ஒரு கரண்டியில் மூன்று கிராம் புரதம் இருந்தால் அதிகம்.

சைவர்களுக்கு மீல்மேக்கர் என்ற சொல்லை எழுதுங்கள், எல்லோருக்கும் புரியும். உலர்ந்த நிலையில் நூறு கிராமில் 50 கிராமுக்கு மேல் புரதம். கிரேக்கத் தயிர் என்பதற்கு, துணியில் கட்டி இரவு முழுதும் தொங்கவிட்ட தயிர் என்று எழுதினால் யாரும் கடை கடையாக அலைய வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கையையும் சேர்த்தே அச்சடிக்க வேண்டும். ராஜ்மாவை ஊறவைத்து அப்படியே ஸ்லோ குக்கரில் போடக் கூடாது. அதிலுள்ள ஒரு நச்சுப்பொருள் அந்தக் குறைந்த சூட்டில் அழியாது. ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, அடுப்பில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதித்த பிறகே உள்ளே போக வேண்டும். கரண்ட் போவதும் நம் ஊரில் சின்ன விஷயம் இல்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த இரவில் என் சட்டியில் கறி பாதி வேக்காட்டில் நின்றுபோனது. விடிந்ததும் மனசே இல்லாமல் கொட்டினேன். வெதுவெதுப்பில் மணிக்கணக்காகக் கிடந்த கறியை மறுபடி சூடாக்கினாலும் நம்ப முடியாது.

முதல் இரண்டு மாதம் பொடி இல்லாமல் எனக்கு ஓடவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகளையும் விடாமல் விழுங்குகிறேன். இப்போது என் ஒரு நாள் இப்படி: காலை இரண்டு முட்டை, பதினொரு மணிக்குக் கட்டித் தயிர், மதியம் முந்தைய நாள் வைத்த தொடைக்கறி, மாலையில் ஒரு சின்னக் கிண்ணம் கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல், இரவு மீன், படுக்கும் முன் பால். கூட்டிப் பார்த்தால் அறுபதைத் தொட்டுவிடுகிறது. சோறு இரண்டு தேக்கரண்டி, ஆசைக்கு.

நான் கேட்பது ஒரு பக்கம், தமிழில். குபேர் மார்க்கெட்டிலும் கடலூர் முதுநகர் துறைமுகத்திலும் கிடைக்கிற பொருளின் பெயரோடு, எந்தத் துண்டு, எவ்வளவு நேரம், வெந்த பிறகு எத்தனை கிராம் என்று இருக்க வேண்டும். அடுத்த மாதம் பரிசோதனைக்கு வரும்போது சுறாப் புட்டும் தொடைக்கறியும் தனித்தனி டப்பாவில் கொண்டுவருகிறேன். உங்கள் தராசை எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை